அமெரிக்காவிலிருந்து வரும் அட்டை

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ், காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் ஒரு வயதான மாமி. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர் மாமியின் தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏம்ப்பா, அட்டையெல்லாம் கட்டி வச்சு எத்தனை நாளாச்சு? எடுத்துண்டு போக வரவே இல்லையே நீ?"

"எடுத்துட்டுப் போய் எங்க மாமி போடறது? பேப்பர் மில்லுல வேணாங்கிறாங்க. அமெரிக்காக் குப்பை கப்பல் கப்பலா வந்து இறங்குது."

"குப்பையையா காசு குடுத்து வாங்கறா?"

"ஆமாங்க. அங்க பிரிச்சுத் தூக்கிப் போடற அட்டைப்பெட்டிங்க. நம்ம அட்டை ஏற்கெனவே பல தடவை அரைச்சது, சத்து இருக்காது. அது நல்ல கெட்டி. அங்க இருக்கற உங்க பையன் வீட்டுப் பெட்டிகூட அதுல இருக்கும், பாருங்க." அவர் சிரித்தார்.

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருக்கும். அவன் ஆத்து வாசல்ல தெனம் ஒரு பெட்டி கிடக்கு, வீடியோல பார்க்கறேனே. அவன் தூக்கிப் போட்ட பெட்டியெல்லாம் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்துடறது. அவன் அப்பா பரமபதிச்சப்போ கொள்ளி வைக்க வர, அவனுக்குத்தான் டிக்கெட் கிடைக்கலை."