கட்டை பிடுங்கிய லைனில் பதினெட்டு ஆம்ப்

சாயங்காலம் ஏழு மணி. செங்கல் சூளையைத் தாண்டினால் வீடு வாசல் ஏதுமில்லாத ரோடு. ரோட்டோரம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதன் அடியில் இரண்டே பேர்... ஒருத்தி, என் தோழியின் சித்தி மகள். இன்னொருத்தர், ஃபோர்மேன்.

மின்சார ஆபீஸில் அவளுக்குப் பேரே ‘தங்கச்சி’தான். அண்ணன் இதே லைனில் செத்தான். அவன் வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். ‘ஃபியூஸ் பிடுங்காமல் ஏறினான், தப்பு அவனுடையது’ என்று எழுதியும் வைத்தார்கள். அதற்கப்புறம் அம்மா தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

பச்சைப் பொய். பிடுங்கிய ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கியவனே தன் பையில் போட்டுக்கொண்டுதான் கம்பம் ஏறுவான். அது அந்த வேலையின் வழக்கம். அன்றைக்கு, “குடுடா, நான் பாத்துக்கறேன்” என்று ஃபோர்மேன் வாங்கிக்கொண்டார். பெரிய இடத்திலிருந்து ஒரு போன்... ‘ஏன் இன்னும் கரண்ட் வரல?’ அவன் கம்பத்தில் இருக்கும்போதே கட்டைகளைத் திரும்பச் செருகிவிட்டார். ஆபீஸில் அத்தனை பேருக்கும் தெரியும். வாய் திறக்கத்தான் ஒருத்தருக்கும் துப்பில்லை.

இன்றைக்கு வேலை சின்னது. கொஞ்சம் தள்ளி ஒரு கம்பத்தில் ஜாயின்ட் தளர்ந்திருந்தது. முதலில் லோடு பார்க்க வேண்டும். டாங் டெஸ்டரை எடுத்தாள். இடுக்கி மாதிரி வாய் பிளந்து கேபிளைக் கவ்வும். உள்ளே ஓடுகிற கரண்டை முள் காட்டும். பதினெட்டு ஆம்ப். அதைக் கேபிளிலேயே தொங்கவிட்டு, கட்டைகளைப் பிடுங்கினாள். சட்... சட்... சட். தெருவிளக்குகள் அணைந்தன.

“குடும்மா, நான் வெச்சுக்கறேன்.”

“வேணாம் சார். எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.”

“வாய் நீளுது. அண்ணன் மாதிரியே அவசரக்குடுக்கை. அதான் போய்ச் சேர்ந்தான்.”

அவள் கட்டைகளைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அந்த நாற்றம்... கருகிய ரப்பர். கருகிய முடி. டார்ச்சை கேபிள் பக்கம் திருப்பினாள்.

முள் இறங்கவில்லை. பதினெட்டிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. லைன் செத்துத்தான் கிடந்தது. செத்த லைனில் என்ன ஓடுகிறது?

“மீட்டர் கெட்டுப்போச்சு, கொண்டா இப்படி!” ஃபோர்மேன் கை நீட்டினார். அவள் டெஸ்டரைக் கழற்றினாள். முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. நீட்டிய கையையே பார்த்தாள். கட்டையைச் செருகிய கை. டெஸ்டரின் வாயைப் பிளந்து மணிக்கட்டைக் கவ்வவிட்டாள்.

முள் ஏறியது... பதினெட்டு.

அவர் எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. ரப்பர் செருப்பு. வெறுந்தரை. கைமுடி மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. உதறினார். டெஸ்டர் விடவில்லை.

“ஆஃப் பண்ணு! அம்மா தாயே, ஆஃப் பண்ணு!”

தங்கச்சி பையைத் திறந்து காட்டினாள். மூன்று கட்டையும் உள்ளே.

“எதை சார் ஆஃப் பண்ணச் சொல்றீங்க?”

“நான்தான்... நான்தான் போட்டேன்!”

“என்கிட்ட எதுக்கு? ஆபீஸ்ல வந்து சொல்லுங்க. எங்கம்மா நிக்கும்போது சொல்லுங்க.”

“சொல்றேன்... சொல்லிடறேன்!”

டெஸ்டரின் வாய் தானாகத் திறந்தது.

மறுநாள் சொன்னார். அத்தனை பேர் முன்னாலும், அவள் அம்மா முன்னாலும். எழுதியதை அடித்துத் திருத்தினார்கள். அந்த லைனில் அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

ஃபோர்மேன் வீட்டில்தான்... ஆள் படுத்த படுக்கை. மெயின் சுவிட்சை இறக்கிப் பார்த்தார், கைமுடி படியவில்லை. வீட்டுக்கு வருகிற வயரையே வெட்டச் சொன்னார். தங்கச்சிதான் போய் வெட்டினாள். வெட்டிய வயர் இன்னும் வாசலில் சுருண்டு கிடக்கிறது. விளக்கில்லாத வீடு. உள்ளே, சுவரில், மீட்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது.