ஆறு டப்பா

— கேமராவுல பதிஞ்ச அந்த நாப்பது நிமிஷத்த அழிச்சுடு, டைரக்டர். இப்பவே. என் கண்ணு முன்னாடி.

— மெதுவா பேசு. பக்கத்து ரூம்ல மிஸ் இருக்காங்க.

— இருக்கட்டும். நாளைக்கு உன் படம் ஓடும்போது எங்கம்மா முதல் வரிசையில உக்காந்திருப்பாங்க. அதுக்குன்னே லீவு சொல்லிட்டாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட லீவு போடாத மனுஷி.

— மகாராணி, கொஞ்சம் பொறுமையா கேளு. நான் உனக்குக் கெடுதல் பண்ண வரல.

— மகாராணின்னு கூப்பிடாத. ஷூட்டிங் முடிஞ்சு பத்து நாளாச்சு.

— வாயில ஒட்டிக்கிச்சு. சரி, கேளு. மிஸ் நேத்து முழுப் படமும் பார்த்தாங்க. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. இந்த ஆறு பொண்ணுங்கள்ல நீ நேர்ல பார்த்த பொண்ணு யாருன்னு. ஒருத்தியும் இல்ல மிஸ்னுதான் சொன்னேன்.

— ஏன் அப்படிச் சொன்ன? ஆறு பேரும் நம்ம கிளாஸ்தானே.

— நடிச்சவங்க நம்ம கிளாஸ். நான் எழுதுனது? ஒரு பந்தாக்காரி, ஒரு அழுமூஞ்சி, ஒரு வாயாடி, ஒரு புத்தகப்புழு. ஒருத்தி எந்நேரமும் கண்ணாடி முன்னாடி. இன்னொருத்திக்குப் பசங்களத் தவிர பேச ஒண்ணும் கிடையாது. எல்லாம் நான் பார்த்த படங்கள்லேர்ந்து உருவுனது. பொம்மைக் கடையில வரிசையா நிக்குமே, அப்படி நிறுத்தி வெச்சிருக்கேன்.

— அதுல பந்தாக்காரி நான்.

— ஆமா. கேன்டீன் மேசைக்கு நடுவுல நீ. அஞ்சு பேரும் உன் வாயையே பார்த்துட்டிருக்க, நீ ஒவ்வொருத்தரா மட்டம் தட்டுற.

— எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

— அதான் எனக்குப் புரியல. ஸ்கூல்ல நீ யாரையும் மட்டம் தட்டி நான் பார்த்ததில்ல. சொல்லப்போனா பேசியே பார்த்ததில்ல.

— அப்புறம் ஏன் என்னப் போட்ட?

— உயரமா இருந்த. அவ்வளவுதான். பொய் சொல்லல.

— சரி, அந்தக் கேமராவ யாரு ஆன்ல விட்டது?

— நான்தான். ரெண்டாவது நாள். சாப்பாட்டு இடைவேளைன்னு சொல்லிட்டு, லைட்டு கேட்டு வாங்க ஓடிட்டேன். நிறுத்த மறந்துபோச்சு. அது பாட்டுக்கு ஸ்டாண்டுல ஓடிட்டே இருந்திருக்கு. முந்தாநாள்தான் பார்த்தேன். அஞ்சு பேரும் எந்திரிச்சு அவங்கவங்க கூட்டத்தோட போயிட்டாங்க. மேசையில நீயும் ஆறு டப்பாவும்.

— எனக்குத் தெரியாதா? நான்தானே உக்காந்திருந்தேன்.

— ஒவ்வொரு டப்பாவா தொறந்து, ஆறையும் நீயே சாப்பிட்ட. ஆறு முட்டை. நாலாவதுல விக்கல் வந்துச்சு. தண்ணி குடிச்சிட்டு அஞ்சாவத எடுத்த. அவ்வளவு பசியா?

— ஆறு முட்டைக்கு யாருக்காவது பசிக்குமா?

— பின்ன எதுக்கு?

— மேசை சீனுக்கு ஆறு டப்பா சாப்பாடு வேணும், யாரு கொண்டு வர்றீங்கன்னு நீ கேட்ட. நான் கை தூக்கிட்டேன். வீட்ல போயி, என் ஃப்ரெண்ட்ஸுக்கும் சேர்த்து செய்யணும்மான்னு சொல்லிட்டேன். வாய்ல வந்துடுச்சு. அம்மா முகத்த நீ பார்த்திருக்கணும். உன் ஃப்ரெண்ட்ஸுக்கு முட்டை பிடிக்குமா, காரம் ஆகுமான்னு நூறு கேள்வி. ஆஸ்பத்திரியில போர்வை துவைக்கிற வேலை அவங்களுக்கு. நாள் பூரா நின்னு கால் வீங்கிடும். அந்தக் காலோட நாலு மணிக்கு எந்திரிச்சு ஆறு டப்பா கட்டினாங்க. அது மிச்சத்தோட திரும்பிப் போனா நான் என்ன சொல்றது?

— எங்கயாவது கொட்டியிருக்கலாமே.

— நாலு மணிக்கு எந்திரிச்சது உங்கம்மாவா இருந்தா நீ கொட்டுவியா?

— மாட்டேன். மூணு நாளும் நீதான் சாப்பிட்டியா?

— மூணு நாளும். கடைசி நாள் கொஞ்சம் தேவல. என் டப்பா மட்டும்தான் முழுசா இருந்துச்சு. மத்த அஞ்சுலயும் பாதிச் சோறு, பாதி முட்டை.

— அத ஞாபகப்படுத்தாத. முதல் நாள் ஷாட்ல எல்லா டப்பாவும் விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருக்கு. மூணாவது நாள் அதே சீன். யாரும் இன்னும் கையே வெக்கல, அதுக்குள்ள அஞ்சு டப்பா பாதி. ரெண்டையும் ஒட்ட முடியாம மண்டை காயுது.

— அன்னைக்கு அரிசி பத்தலையோ என்னமோ. நான் கேக்கல.

— சரி விடு. அந்த மேசை சீனையே வெட்டிடலாம்னு பார்க்கறேன். அதுக்குப் பதிலா இந்த நாப்பது நிமிஷத்துலேர்ந்து ரெண்டு நிமிஷம். என் படத்துல நிஜமான பொண்ணு ஒருத்தி இருக்கிற ஒரே இடம் அதுதான்.

— பந்தாக்காரி போயி பாவப்பட்டவ வருவா. அவ்வளவுதானே?

— அப்படி இல்ல.

— அப்படித்தான். ஒரு சீட்டக் கிழிச்சிட்டு இன்னொரு சீட்டு ஒட்டுற. தனியா சாப்பிடுற பொண்ணு. நாளைக்கு ஹால் முழுக்க உச்சு கொட்டும். மிஸ் கண்ணத் தொடைச்சுக்குவாங்க. நாளன்னைக்கு கேன்டீன்ல என் பக்கத்துல யாராவது வந்து உக்காருவாங்களா? நீ உக்காருவியா?

— உக்காருவேன்.

— பத்து நாளா உக்காரலையே.

— எடிட்டிங் இருந்துச்சு. மத்தியானம் இங்கதான் சாப்பிடுறேன், கம்ப்யூட்டர் முன்னாடி.

— ஆமா. என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டிருக்க. எழுந்து கேன்டீனுக்கு வந்திருந்தா அதே மூஞ்சி அங்கயும் இருந்துச்சு.

— எனக்கு அது தோணல. நிஜமா தோணல.

— யாருக்கும் தோணாது. அதுக்கு நான் உன்னக் குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பொம்மைக் கடை மேசைன்னு சொல்றியே, அதுல நீ 'ஆக்‌ஷன்'னு சொன்னா அஞ்சு பேரும் என் பக்கம் திரும்புவாங்க. 'கட்'னு சொல்ற வரைக்கும் முகத்த எடுக்கமாட்டாங்க. நீ இன்னொரு டேக்னு சொல்லும்போதெல்லாம் அவங்க சலிச்சுக்குவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்கும். பாதி தடவ வசனத்த வேணும்னேதான் மறந்தேன்.

— பதினாலு டேக். உனக்கு நடிப்பே வராதுன்னு மிஸ்கிட்ட புலம்பினேன்.

— அதனாலதான் சொல்றேன். உன் படம் தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். எங்கம்மா அந்த மேசையப் பார்க்கணும். ஒரே ஒரு தடவ பார்த்துட்டாங்கன்னா போதும்.

— உள்ள வரலாமா? இந்த ரூம்தான்னு வாட்ச்மேன் சொன்னாரு.

— அம்மா? நீ எதுக்கு இங்க வந்த?

— ஷிப்ட் சீக்கிரம் முடிஞ்சுது கண்ணு. அப்படியே உன்னக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன். இதுதான் அந்த டைரக்டர் பொண்ணா? நான் என்னமோ பெரிய ஆளுன்னு நெனச்சேன். இத்தனூண்டு இருக்கு.

— வாங்க ஆன்ட்டி. உக்காருங்க.

— உக்காந்தா எந்திரிக்க நேரமாகும்மா. நிக்கறேன்.

— டைரக்டர், அந்தக் கம்ப்யூட்டர மூடு. அம்மா, வா போலாம்.

— இரு, ஒரு துளி பார்த்துக்கறேன். அட, மேசை நடுவுல நீயா? ஜம்முனு உக்காந்திருக்கியே. இந்தப் பிள்ளைங்கதானா?

— ஆமாம்மா. ஃப்ரெண்ட்ஸ்.

— நல்ல பிள்ளைங்க. எப்படி உன்னையே பார்க்குதுங்க. இந்த இடம் நாளைக்கு வருமில்ல?

— அதப் பத்திதான் பேசிட்டிருந்தோம் ஆன்ட்டி. வராதுன்னு நெனக்கறேன்.

— டைரக்டர், ப்ளீஸ்.

— வேற ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, டப்பாதான் பிரச்சினை. முதல் நாள் நிறைஞ்சிருக்கு, மூணாவது நாள் அஞ்சு டப்பா பாதி. பார்க்கிறவங்களுக்குத் தப்பு தெரிஞ்சுடும்.

— அதுவா? அது என் தப்பு கண்ணு. அதுக்காக இவ உக்காந்திருக்கிற இடத்த எடுத்துடாத.

— உங்க தப்பு இல்ல ஆன்ட்டி. அன்னைக்கு அரிசி பத்தலைன்னு...

— அரிசிக்கு என்ன, இருந்துச்சு. முதல் ரெண்டு நாளும் ராத்திரி இவ தட்டுகிட்டயே வரல. பசிக்கலைன்னு வயித்தப் புடிச்சிட்டுப் படுத்துட்டா. டப்பா மட்டும் ஆறும் துடைச்ச மாதிரி காலி.

— அம்மா, வேணாம்மா.

— இருக்கட்டும் கண்ணு. வேணாம்னு நிறுத்தவும் எனக்கு மனசு வரல, அவ்வளவு ஆசையா கேட்டுட்டு நிக்கறா. அதான் மூணாவது நாள் அந்த அஞ்சுல மட்டும் பாதி பாதியா வெச்சேன். ஆறு பேரு சாப்பாட்ட ஒத்த வயிறு எத்தன நாளைக்கும்மா தாங்கும்?