எண் 2206-இன் மறுபக்கம்

மேடையின் நடுநாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் ஆவணக்காப்பக இயக்குநர் அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அத்தான் அவர்களே, மருத்துவமனைப் பணி உடையிலேயே ஓடி வந்திருக்கும் அக்காவின் மகளே, இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் கல்குவாரி ஊர் மக்களே, கணினிப் பிரிவு, ஸ்கேன் பிரிவு, வாசல் காவல் என்று வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்கும் என் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. கீழ்த்தளத்தில் கிழிந்த காகிதத்தை ஒட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே பசைக் கிண்ணம். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்கமாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் எனக்குத் துண்டுச்சீட்டு நீட்ட வேண்டாம்.

நம்மை விட்டுப் போயிருப்பவர் யார்? விவரப் பிரிவின் தலைவராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர். நாமெல்லாம் ‘மறுபக்க அக்கா’ என்று கூப்பிட்டவர். ஏன் அந்தப் பெயர்? காப்பகத்துக்கு எந்தப் பொருள் வந்தாலும், வெறும் பஸ் டிக்கெட்டாக இருந்தாலும், அதன் மறுபக்கத்தையும் ஸ்கேன் செய்ய வைப்பார். வெள்ளைத் தாளாக இருந்தாலும் செய்ய வைப்பார். “அக்கா, பின்னாடி ஒண்ணுமே இல்லக்கா” என்றால், “ஒண்ணுமில்லைங்கறதும் தெரியணும்ல. திருப்பு” என்பார். ஸ்கேன் பிரிவுத் தோழர்கள் எத்தனை பேர் அவரைத் திட்டியிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், நானும் திட்டியிருக்கிறேன்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இங்கே பொருள்களை வைத்துக்கொள்வதில்லை. மக்கள் கொண்டுவருவார்கள். ஸ்கேன் செய்து, எண் கொடுத்து, விவரம் எழுதி, கணினியில் சேர்த்துவிட்டுப் பொருளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். கணினியில் இருப்பதுதான் காப்பகம். அது போனால் எல்லாம் போனது.

கல்குவாரி ஊரின் தொகுப்பை அக்கா இரண்டு வருடம் உழைத்துச் சேர்த்தார். என்னென்ன இருந்தது அதில்? நுரையீரல் எக்ஸ்ரே படங்கள் இருந்தன. வேலைக்குப் போன பெண்கள் தங்கள் இருமலைப் பற்றித் தாங்களே பேசிய கேசட்டுகள் இருந்தன. தூசி படிந்தபடியே காகிதத்தில் ஒட்டிவைத்த காய்ந்த இலைகள், கையால் வரைந்த பாதைப் படம், வருகை அட்டைகள், ஒரு வைத்தியரின் பழைய ஃபிளாப்பிகள் எல்லாம் இருந்தன. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் பதினாறு வருடம் எழுதிய காற்றுப் பதிவேடு இருந்தது. தினமும் காலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கரும்பலகையில் தூசி இருக்கிறதா என்று ஒரே ஒரு வரி. “தென்மேற்கு. பலகை வெள்ளை.” அவ்வளவுதான். இது எதுவுமே தனியாகப் பேசாது. காற்றுப் பதிவேட்டின் தேதியையும் எக்ஸ்ரேயின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேசும். வைத்துக் காட்டியவர் அக்கா.

அந்த ஊரிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. பதினோரு தொழிலாளிகள் லாரி முன்னால் நிற்கும் படம். பார்த்தால் சாதாரணப் படம். அக்கா திருப்பினார். பின்னால் பதினோரு பெயர்கள். ஒன்பது பெயருக்கு நேரே ஒரு சிறிய பெருக்கல் குறி, ஒரு தேதி. வரிசையில் நான்காவதாக நின்றவரின் மனைவி, ஒவ்வொருவர் இறந்தபோதும் ஒரு குறி போட்டு வைத்திருக்கிறார். குவாரிக்காரர்கள் சொன்ன காலத்துக்கு மூன்று வருடம் முன்பே ஆட்கள் சாகத் தொடங்கிவிட்டார்கள் என்று அந்த மறுபக்கம்தான் ஆராய்ச்சியாளர்களுக்குச் சொன்னது. அந்த அம்மா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அம்மா, நீங்கள் வந்ததற்கு நன்றி.

இப்போது நான் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அரைமணி நேரம் முன்பு இயக்குநர் அவர்கள் இதே ஒலிவாங்கியில் பேசினார். அழகாகப் பேசினார். “தவறு செய்யாத மனிதர் யாருமில்லை. அந்த ஒரு தவறுக்காக அவரை நாம் மன்னித்துவிட்டோம்” என்றார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் துடைக்கவில்லை.

என்ன தவறு? யார் செய்த தவறு? யார் யாரை மன்னிப்பது?

எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான். புதிய கட்டடம் திறக்கும் நேரம். பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு எல்லாவற்றையும் மாற்றும்போது, ‘பல்வகை’ என்ற தொகுப்பு முழுவதும் அழிந்துபோனது. நாலாயிரத்துச் சொச்சம் பொருள்கள். கல்குவாரி ஊர் மொத்தமும் அதில்தான் இருந்தது. விசாரணை வைத்தார்கள். அக்கா கவனக்குறைவாக அழித்துவிட்டார் என்று எழுதினார்கள். அவரை விவரப் பிரிவிலிருந்து தூக்கி, வாசலில் நுழைவுச்சீட்டு எழுதும் அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் எட்டு மாதம் அங்கே இருந்தார். அங்கேயும் சும்மா இருந்தாரா? வருகிறவர்களின் சீட்டில் “கறுப்புப் பை, ஒரு கைப்பிடி அறுந்தது, ஊக்கு குத்தியிருக்கிறது” என்று விவரம் எழுதிக்கொண்டிருந்தார். பார்த்துச் சிரித்தோம். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டோம்.

அக்கா விசாரணையில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “சார்தான் அழிக்கச் சொன்னாரு. எழுதியே காட்டினாரு. நான் கையெழுத்து போடமாட்டேன்னுட்டேன்.” நம் காப்பகத்தின் சட்டம் உங்களுக்குத் தெரியும். எதை நீக்கவும் எழுத்தில் ஆணை வேண்டும். அதில் இயக்குநர் கையெழுத்தும் விவரப் பிரிவுத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். இயக்குநர் அவர்கள் விசாரணையில் சொன்னார்: “நான் எதையும் எழுதவில்லை. இருந்தால் காட்டட்டும்.” அக்காவால் காட்ட முடியவில்லை. அவர் மறுத்ததும், எப்படியாவது தடுத்துவிடலாம் என்று கணினிப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் மேஜை காலி. இயக்குநரே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தார். அன்று மாலையே கணினிப் பிரிவில் வாய்மொழியாகச் சொல்லி அழித்தாகிவிட்டது. அழித்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஆனால் அக்கா என்னிடமும் வந்து கேட்டார். அதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். “பசைத் தம்பி, தினமும் நாலு மணிக்கு என் மேஜையிலேர்ந்து உன் தட்டுக்குத் தாள் வரும்ல. அதுல சார் எழுதின காகிதம் ஏதாவது கலந்து வந்திருக்கா பாரேன்” என்றார். நான் தட்டை எடுத்தேன். கடகடவென்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். காற்றுப் பதிவேடு, காற்றுப் பதிவேடு, வருகை அட்டை, காற்றுப் பதிவேடு. “இல்லக்கா, என்கிட்ட இல்ல” என்றேன். அக்கா “சரிப்பா” என்று போய்விட்டார். இருபது வருடம் என் காதில் ‘திருப்பு, திருப்பு’ என்று கத்திய மனுஷி அவர். அன்றைக்கு நான் ஒரு தாளையும் திருப்பவில்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்தேன்.

பல்வகைத் தொகுப்பே இல்லை என்று ஆனபிறகு அந்தத் தட்டை யாரும் கேட்கவில்லை. அந்த ஆசிரியரும் காலமாகிவிட்டார், திருப்பிக் கேட்க ஆளில்லை. தட்டு என் அலமாரியின் அடியில் கிடந்தது. அக்காவை எடுத்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்தேன். கை சும்மா இருக்கவில்லை. அந்தக் காற்றுத் தாள்களையாவது ஒட்டிவைப்போம் என்று தட்டை வெளியே இழுத்தேன். ஒட்டுவதற்காகத் திருப்பினேன்.

இதோ. எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிக்கிறேன். பழைய எண் இரண்டாயிரத்து இருநூற்று ஆறு. முன்பக்கம் ஆசிரியரின் கையெழுத்து, ஒரு மாதத்துக் காற்று. மறுபக்கம் யாருடைய கையெழுத்து? அன்றைக்கு அவசரத்தில் அக்காவின் மேஜையிலிருந்து ஏதோ ஒரு தாளை இழுத்து, அது என்ன தாள் என்றுகூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். அக்கா கணினிப் பிரிவுக்கு ஓடிய நேரத்தில் நாலு மணி ஆகி, மற்ற தாள்களோடு இதுவும் என் தட்டுக்கு வந்துவிட்டது. வாசிக்கிறேன்: “பல்வகைத் தொகுப்பு முழுவதையும் நீக்கவும். திறப்பு விழாவுக்கு முன் முடிய வேண்டும். பிரதி தேவையில்லை.” கீழே இயக்குநரின் கையெழுத்து, தேதி. பக்கத்தில் அவரே ஒரு கோடு போட்டு, ‘விவரப் பிரிவு’ என்று எழுதியிருக்கிறார். கோட்டின்மேல் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதும் தெரிய வேண்டும் என்று அக்கா சொன்னாரே, தெரிகிறதா?

அதுவும் பேனாவால்! நம் அறையில் பென்சிலைத் தவிர எதாலும் எழுதக் கூடாது, மை தாளைக் கெடுத்துவிடும். நீங்கள் நீட்டியது காற்றுத் தாளின் மறுபக்கம் என்று அக்காவுக்கு அன்றே தெரிந்திருந்தால் தன் வேலை போனதைக்கூட அப்புறம்தான் கேட்டிருப்பார், முதலில் அந்தப் பேனா மைக்காக, சார், உங்கள் சட்டையைப் பிடித்திருப்பார்.

என்ன சார்? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை. “இது அதுக்கான இடம் இல்ல தம்பி” என்கிறீர்களா? வேறு எது சார் இடம்? விசாரணை அறையா? அங்கே அவர் தனியாக நின்றார். வாசலில் இருந்த அந்தச் சின்ன அறையா? அதைத் தாண்டித்தான் தினமும் காரில் போனீர்கள், ஒரு நாளாவது கண்ணாடியை இறக்கினீர்களா? எக்ஸ்ரே, கேசட், காய்ந்த இலை, “இது ஆராய்ச்சியா, பழைய சாமான் கடையா?” என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டவர் நீங்கள். மாற்றி முடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று கணினிப் பிரிவு சொன்னது. விழாத் தேதியைத் தள்ள உங்களுக்கு மனமில்லை. அதற்காக ஒரு ஊரின் இருமலை அழித்தீர்கள். பிறகு அந்தப் பழியை ஒரு பெண்ணின் தலையில் கட்டினீர்கள். இன்றைக்கு அவர் படத்துக்கு முன்னால் நின்று மன்னிக்கிறீர்கள்.

அத்தான் என்னிடம் சொன்னார். “கடைசி மாசமெல்லாம் தூக்கத்துலயும் ‘அந்தத் தாள் எங்க போச்சு’ன்னுதான் கேட்டா. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியலப்பா.” அத்தான், பதில் என் தட்டில் இருந்தது. என்னை நீங்கள் திட்டுங்கள், அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என் பங்கை நான் மறைக்கவில்லை.

பழிவாங்கப் பேசுகிறேன் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆமாம், பழிவாங்கத்தான் பேசுகிறேன். அக்கா ஒன்றும் எல்லாவற்றையும் பொறுத்துப்போகிற சாது இல்லை. அவர் எழுதிய விவரங்களைப் படித்திருக்கிறீர்களா? ‘சேதம்’ என்ற கட்டத்தில், “தேநீர்க் கறை, காரணம்: கணினிப் பிரிவு மேலாளர்” என்று எழுதி வைத்திருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கொட்டிய பசைக்கு, “பசைக் கறை, காரணம்: புதிதாக வந்த தம்பி, மன்னிப்புக் கேட்டான், கறை போகவில்லை” என்று இன்றும் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். அவர் கத்தமாட்டார், மொட்டைக் கடிதம் போடமாட்டார். எழுதி, எண் கொடுத்து வைத்துவிடுவார். அவ்வளவுதான் அவருடைய பழி. அதையேதான் நானும் செய்யப்போகிறேன்.

தோழர்களே, நேற்று நாங்கள் ஒன்பது பேர் கூடிப் பேசினோம். திருப்பிக் கொடுத்த பொருள்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. திரும்ப வாங்கிக்கொண்டவர்களின் முகவரிகள் அக்காவின் கையெழுத்தில், மகளிடம் ஒரு நோட்டில் பத்திரமாக இருக்கின்றன. விடுமுறை நாள்களில் ஒவ்வொரு வீடாகப் போகிறோம். பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறோம். சில கேசட்டுகள் ஒட்டிப்போய்விட்டன, அந்தக் குரல்கள் இனிக் கிடைக்காது. சில வீடுகளில் ஆளே இல்லை. கிடைப்பதை எல்லாம் கொண்டுவருவோம், எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்வோம். இது அக்காவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு. பழைய பல்வகைத் தொகுப்பின் பெயரிலேயே புதிய தொகுப்பு இன்று காலை திறந்தாகிவிட்டது. மூன்று பதிவுகள் ஏறுகின்றன. விவரம் நானே எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் அக்கா பொறுத்துக்கொள்ளமாட்டார், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண் ஒன்று: பதினோரு தொழிலாளிகளின் புகைப்படம். கொண்டுவந்தவர், மூன்றாவது வரிசையில் இருக்கும் அம்மா. முன்பக்கம், மறுபக்கம். காலையில் என் கையில் கொடுக்கும்போது, “மறக்காம திருப்பிப் பாருப்பா” என்று எனக்கே சொன்னார்.

எண் இரண்டு: இந்தக் காற்றுத் தாள். முன்பக்கம், மறுபக்கம். சேதம்: பேனா மை; காரணம்: இயக்குநர்; மன்னிப்புக் கேட்கவில்லை.

எண் மூன்று: இன்றைய கூட்டத்தின் ஒலிப்பதிவு. இந்தக் காப்பகத்தில் நடக்கும் எல்லாக் கூட்டத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது அக்கா கொண்டுவந்த விதி. மேஜைமேல் சிவப்பு விளக்கு எரிகிறதே, அதுதான். கூட்டம் முடிந்ததும் ஏறிவிடும். இயக்குநர் அவர்களின் இரங்கல் உரை முழுமையாக அதில் இருக்கிறது. ‘மன்னித்துவிட்டோம்’ என்ற சொல் மூன்று முறை வருகிறது.

இவற்றை நீக்க வேண்டுமா சார்? தாராளமாக ஆணை எழுதுங்கள். ஆனால் இரண்டாவது கையெழுத்து வேண்டுமே. அக்காவை வாசலுக்கு அனுப்பிய பிறகு விவரப் பிரிவுத் தலைவர் நாற்காலியை நீங்கள் நிரப்பவே இல்லை. கையெழுத்துப் போட ஆளில்லை. நாளைக்கே ஒருவரை நியமிக்கலாம் என்று நினைத்தால், இங்கே நிற்கிறவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பெயரைப் போட்டு யார் தேடினாலும், எண் இரண்டும் எண் மூன்றும் அடுத்தடுத்து வரும். அக்கா வைத்த வரிசை அப்படி.

அக்கா, திருப்பிப் பாத்துட்டேன்.