குத்துச்சண்டைப் படம் தூக்கப்பட்ட மறுநாள்

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். முன்சீட்டுக்காரர் மடியில் ஒரு ஜோடி குத்துச்சண்டைக் கையுறை கிடந்தது. அவர் பக்கத்திலிருந்த கொப்பரை வியாபாரியிடம் சொன்னார்:

"அந்த பாக்ஸிங் படத்தை நேத்துத் தியேட்டர்ல இருந்து தூக்கிட்டாங்க. அப்பாடான்னு இருக்குதுங்க."

"ஏனுங்க மாஸ்டர், அந்தப் படத்தாலதான உங்க கிளாஸ்ல கூட்டம்?"

"வந்தாங்க, நாப்பது பேரு. கையைத் தூக்கி மூஞ்சியை மறைக்கோணும்னா ஒருத்தனும் கேக்கலீங்க. மொதல்ல நல்லா அடி வாங்கோணுமாமா, அப்பத்தான் கடைசி ரவுண்டுல ஜெயிக்க முடியுமாமா! படத்துல அப்படித்தான் வருதாம். எவன் மூக்கு உடையுமோன்னு ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்லீங்க."

"இப்ப?"

"இன்னைக்குக் காலையில கிளாஸ்ல பாத்தா, படத்தோட அவங்களும் போயிட்டாங்க. ஒருத்தன் மட்டும் நிக்கறானுங்க. மதுக்கரையில சிமெண்ட் மூட்டை தூக்கறவன். சொன்ன மொத நாளே கையைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டான். எனக்கே ஆச்சரியம். ஏன்டா, நீ படம் பாக்கலையான்னு கேட்டேன்."

"என்னங்க சொன்னான்?"

"மூணு தடவை போனேனுங்க சார், டிக்கெட்டே கெடைக்கல, சரி நேர்லயே பாத்துக்கலாம்னு இங்க வந்துட்டேன்னானுங்க."