நாற்பது குதிரைத்திறன் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது பற்றி

என் பெயரும் தகப்பன் பெயரும் முன்பே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது பதினேழு. படகுத் துறைக்குப் பின்னால் உள்ள தெருவில், தாய்மாமா வீட்டின் பின்கட்டில் அம்மாவோடும் அண்ணனோடும் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். மாமாவின் பட்டறையில் ஃபைபர் படகுகளுக்குப் பட்டி பூசி உப்புத்தாள் தேய்க்கிறேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. பெண் காவலர் கேட்கக் கேட்க மெதுவாகச் சொல்கிறேன்.

மாமாவின் மீன்பிடிப் படகை என் அண்ணன் ஓட்டி வந்தான். பழைய எஞ்சின் இனிச் சரிப்படாது என்று மெக்கானிக் கைவிட்ட பிறகு புதிது வாங்கப் பேச்சு வந்தது. அண்ணன் இருபத்தைந்து குதிரைத்திறன் போதும் என்றான். மாமா நாற்பதுதான் என்றார். அவருடைய சம்பந்தி அதற்குச் சற்று முன்புதான் நாற்பது வாங்கியிருந்தார்.

"அவன் படகு பாடிக்கிட்டு வருது, என்னுது இருமிக்கிட்டு வருது. என் பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிர வேணாமா?" என்று மாமா கேட்டார்.

அதன் பிறகு கடைக்காரர் நாற்பது ஒன்றைக் கொண்டுவந்து பார்வைக்கு மாட்டினார். அண்ணன் படகைத் துறையில் கட்டி, ஈர வலையையும் மணல் மூட்டைகளையும் மீன் கிடக்கும் இடமான பின்பக்கத்தில் ஏற்றினான். தானும், கூடப் போகும் வலை இழுப்பவரும் வழக்கமான இடங்களில் நின்றுகொண்டு, தண்ணீர் மட்டத்தில் என்னைச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னான். வலை இழுப்பவரை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். நான் கோடு போட்டேன். கோட்டுக்கும், எஞ்சினைத் தாங்கும் பின்பலகையின் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது.

"வேகத்த மட்டும் பாக்காதீங்க மாமா. இதோட கனமே பின்னாடி அமுக்குது. லோடோட வேகமா வந்து சட்டுனு குறைச்சா, பின்னாலயே வர்ற அலை உள்ள ஏறிடும்" என்று அண்ணன் சொன்னான்.

மாமா குனிந்தார். கட்டைவிரலில் எச்சிலைத் துப்பி அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தார். அழித்த விரலை என் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார்.

அதன் பிறகு மூட்டைகளை இறக்கச் சொல்லி, தன் நண்பர்களையும் கடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் போனார். எல்லோரும் முன்பக்கம் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டு வந்தார்கள். அதனால் படகு மேசை போல் சமமாக ஓடியது. கரைக்கு வந்ததும் மாமா, "எங்கடா அமுங்குது?" என்றார்.

"நீங்க எல்லாரும் முன்னாடி உக்காந்திருக்கீங்க மாமா. மீன் அங்கயா உக்காரும்?" என்றான் அண்ணன்.

கடைக்காரர் சிரித்தார். வாயிலிருந்த கடலை படகுக்குள் தெறித்தது. "தம்பிக்கு எஞ்சின் வேணாங்க. ரெண்டு துடுப்பு வாங்கிக் குடுங்க" என்றார்.

நெட்டை சும்மா இருக்கவில்லை. "அப்ப தினமும் முதலாளிங்க அத்தன பேரும் எங்க கூட வந்து முன்னாடி உக்காருங்க. வந்ததுக்கு வலையும் இழுக்கலாம்" என்றார். அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த எஞ்சினே நிரந்தரமாக மாட்டப்பட்டுவிட்டது. ஓட்ட மறுத்தால் பின்கட்டைக் காலி செய்துவிட்டுப் போகலாம் என்று மாமா அம்மாவிடம் சொன்னார். அதன் பிறகு அண்ணன் அதையே ஓட்டப் போனான்.

அந்தப் படகின் பின்பலகையில், இருபத்தைந்துக்கு மேல் மாட்டக் கூடாது என்று படகு கட்டியவர்கள் பொறித்த சிறு தகடு இருந்தது. படகைச் சோதிக்க அதிகாரி வருவதற்கு முன்னால் மாமா அதைத் திருகிக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருகாணி இருந்த ஓட்டைகளை என் பட்டியை எடுத்துத் தானே அடைத்தார். சிகரெட் துண்டை என் பட்டிக் கிண்ணத்திலேயே நசுக்கிவிட்டுப் போனார். அந்த இடத்தைத் தேய்த்தால் ஓட்டைகள் இப்போதும் தெரியும்.

அண்ணன் ஒவ்வொரு முறையும் குறைந்த வேகத்தில்தான் ஓட்டி வந்தான். சம்பவத்தன்று காலை நான் துறையில் நின்றேன். சம்பந்தியின் படகும் எங்கள் படகும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. என் அருகில் நின்ற மாமா போனில், "முறுக்குடா! அவன் மொதல்ல மீன் ஏலத்துக்குப் போயிட்டான்னா நீ இன்னைக்கு வீட்டுக்கு வராத!" என்று கத்தினார். படகு பாய்ந்து வந்தது. துறை வாயிலில் ஒரு துடுப்புப் படகு குறுக்கே வரவே, அண்ணன் வேகத்தைக் குறைத்தான். யாராக இருந்தாலும் குறைத்திருப்பார்கள். பின்னால் எழும்பி வந்த தண்ணீர் பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டியது. பின்பக்கம் அப்படியே உட்கார்ந்து இறங்கியது. நெட்டையை வலை சுற்றிக்கொண்டது. அண்ணன் அவரை விடுவிக்க மறுபடி மறுபடி முங்கினான்.

மாமா, "எஞ்சின்! எஞ்சினப் பிடிங்கடா!" என்றுதான் கத்தினார். வேறெதுவும் சொல்லவில்லை.

அண்ணனை மூச்சுப் பேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு நெட்டையின் உடலையும் எஞ்சினையும் கரையேற்றினார்கள். துறையில் நல்ல தண்ணீருக்கு ஒரே ஒரு குழாய்தான். மாமா அதில் ஹோஸ் மாட்டி எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தார். நெட்டையின் மனைவி, கணவர் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவுவதற்கு வாளியோடு வந்து நின்றார். மாமா திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் இரும்மா, உப்பு ஏறிடும்" என்றார். அந்த அம்மா நின்றார். எஞ்சினின் இடுக்கெல்லாம் விரல் விட்டு மாமா கழுவி முடிக்கும்வரை நின்றார்.

அண்ணன் வாயில் குழாயோடு கிடப்பதால் அவனால் எதையும் சொல்ல முடியாது. பெரிய எஞ்சின் கேட்டு அடம் பிடித்து, தாறுமாறாக ஓட்டி நெட்டையைச் சாகடித்தது அவன்தான் என்று மாமா எழுதிக் கொடுத்திருப்பதாகக் காவலர் சொன்னார். இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வரும் வழியெல்லாம் மாமா என்னிடமும் அதையே சொல்லிக் கொடுத்தார். "நாப்பதுதான் வேணும்னு அண்ணன்தான் ஒத்தக் கால்ல நின்னான்னு சொல்லு குட்டி. எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டு" என்றார். பயத்தில் சொல்லிக் காட்டினேன். "நல்ல புள்ள" என்று தலையைத் தடவினார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

இதுவரை எழுதியதைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். இதில் மாமா சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வரி மட்டும் பொய். மற்றதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். கையெழுத்துப் போடுகிறேன். போட்ட பிறகு அவரோடு போக மாட்டேன். என் அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள்.

(ஒப்பம்)