கறிக்குச் சொல்லும் முன்

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் கேக் டப்பாவோடு இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

“மட்டன் விக்கிற வெலையில, பிரியாணிக்குக் கறி சொல்லிட்டு வரேன்க்கா, மறுநாளே எங்க தெருவே மகரஜோதிக்குன்னு சபரிமலைக்கு மாலை போட்டுடுச்சு! விருந்துக்கு வந்தவங்க கலரை மட்டும் குடிச்சுத் தீத்துட்டுப் போனாங்க.”

“சாம்பார் வெச்சிருக்கலாம்ல?”

“போன வருஷம் வெச்சேனே! முருங்கக்கா, கறியவிட ஜாஸ்தி வெல. அந்த வருஷம் பாத்து ஒருத்தரும் மாலை போடல. ‘கிறிஸ்துமஸ்னு கூப்ட்டுட்டு சாம்பாரா?’ன்னு மூஞ்சத் தூக்கிட்டாங்க.”

“அடுத்த வருஷம் கூப்புடாத, வுடு.”

“அக்கம்பக்கத்த எப்புடிக்கா கூப்புடாம இருக்குறது? மார்கழி பொறந்ததும் ஐயப்பன் கோயில் வாசல்ல போயி நிக்கப்போறேன். யார் யாரு மாலை போடுறாங்கன்னு பாத்துட்டுதான் கறிக்குச் சொல்லுவேன்!”