மடி உதறும் நேரம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீயில் ஏலக்காய் இல்லை, மேடம். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் ஏலக்காய் போட்டு டீ குடிப்பதில்லை. அது விற்கிற பொருள். நாங்கள் இஞ்சி தட்டிப் போட்டுக்கொள்வோம். நீங்கள் வெளியூர் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் சந்திரவல்லி. வயது நாற்பத்து நான்கு. ராசிங்காபுரத்தில் மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு நிற்கிற இடத்துக்கு எதிரே ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆதார் திருத்தம் எல்லாம் செய்கிற கடை வைத்திருக்கிறேன். ஊரில் எல்லோருடைய பிறந்த தேதியும் எனக்குத் தெரியும். நிஜத் தேதியும் தெரியும், ஆதாரில் இருக்கிற தேதியும் தெரியும். இரண்டையும் வெளியே சொன்னதில்லை.

அனுசியா செத்தது எப்படி என்று வாக்குமூலம் தரச் சொன்னீர்கள். தருகிறேன். ஆனால் மடியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

போடியில் ஏலக்காய் பொறுக்குகிற கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெரிய காய் தனி, சின்னது தனி, வெடித்தது தனி என்று பிரிப்பார்கள். நான் வேலை பார்த்த கடையில் சாயங்காலம் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து, ஒருத்தி மாற்றி ஒருத்தியாக மடியை விரித்து உதற வேண்டும். ஒளித்த காய் இருந்தால் கீழே விழும். முதலாளி யார் மேலும் கை வைக்க மாட்டார். கூட இருக்கிற நாற்பது பேருடைய கண்தான் சோதனை. அதைவிட நாணயமான முறையை நான் எந்த பேங்க்கிலும் பார்த்ததில்லை.

போன வருடம் எங்கள் பக்கம் ஒரு நகைச்சீட்டுக் கடை, ஒரு திங்கட்கிழமை திறக்கவே இல்லை. மலைக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் அத்தனை பேரும் அதில் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு மலையடிவாரத்து முந்தல் ரோட்டில் குறுக்கே உட்கார்ந்தார்கள். ஒரு ஜீப்பும் மலையேறவில்லை. இரண்டு ஜீப்புக்குக் கண்ணாடி போனது. கடைக்காரருடைய மச்சான் வீட்டு வைக்கோல் படப்பு எரிந்தது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சீட்டுக்கு ஆள் சேர்த்துவிட்டவள் பக்கத்து வீட்டுக்காரி அல்லவா, தண்ணீர்க் குழாயடியில் தினம் சண்டை. மூக்கம்மாள் என்கிறவள், ஆள் சேர்த்துவிட்டவளின் குடத்தை மிதித்தே நசுக்கினாள். பித்தளைக் குடம். அவ்வளவு கோபம்.

அப்போதுதான் தோன்றியது. காய்க்கு மடி உதறுகிற மாதிரி காசுக்கும் உதறினால் என்ன?

எங்கள் ஊர் மளிகைக் கடை மெஹ்ராஜ் அக்காவின் மகள் ஆலியா மதுரையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் போனில் ஓடுகிற ஒரு ஆப்பு செய்து கொடுத்தாள். பெயர் 'மடி'. கூலி ரூபாயைத் தபால் ஆபீசில் மூன்று பெண்கள் பெயரில் இருக்கிற கணக்கில் போட்டுவிட்டால், பத்து ரூபாய்க்கு ஒரு மடிக்காசு போனில் ஏறும். மளிகைக் கடை, மருந்துக் கடை, மருதாயியின் இட்லிக் கடை, முத்துக்கண்ணன் ஜீப்பு, எல்லா இடத்திலும் செல்லும். நோய் நொடிக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொது மடி. யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஏனென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், மொத்தமும் எல்லோருக்கும் வரும்.

திருடினவளை என்ன செய்வது? அதற்கு ஒரு பட்டன். பாதிப் பேருக்கு மேல் அழுத்தினால் அவள் மடி கட்டப்படும். அவள் காசு கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, ரூபாயாக மாற்றி எடுக்கவும் முடியாது. அவளுக்கு ஒத்தாசை செய்கிறவர்கள் மடியையும் கட்டலாம். அந்தப் பட்டனைக் கேட்டு வாங்கியது அவர்கள்தான். சீட்டில் ஏமாந்தவர்கள், பாவம்.

ஆரம்பத்தில் எவ்வளவு கலகலப்பு என்கிறீர்கள். மருதாயி இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அவள் புருஷன் ராக்கையா தினமும் மெயின் ரோட்டுக் கடையில் நான்கு புரோட்டா தின்கிற விஷயம் முதல் நாள் ஆறு மணிக்கே ஊருக்குத் தெரிந்துபோனது.

"ஏய்யா, என் இட்லி என்ன கல்லாவா இருக்கு?" என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாள்.

"இல்லத்தா. பஞ்சு மாதிரிதான் இருக்கு. பஞ்சத் தின்னா எவனுக்குப் பசி அடங்கும்?"

மூக்கம்மாள் முகத்துக்குப் பூசுகிற கிரீம் வாங்கியது தெரிந்து, ஒரு வாரம் அவளை எல்லோரும் 'வெள்ளைக்கார ஆத்தா' என்று கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். குழாயடியில் சண்டை நின்றது. நசுங்கின குடத்துக்குப் பதிலாக மூக்கம்மாளே ஒரு குடம் வாங்கிக் கொடுத்தாள். அது பிளாஸ்டிக் குடம்தான், இருந்தாலும் கொடுத்தாள். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். செத்ததை மட்டும் எழுதினால் ஒருபக்கமாக இருக்கும்.

எட்டு மாதம் ஒரு திருட்டு இல்லை. அதுதான் சிக்கல்.

ஆறு மணிக்கு எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற எண் எனக்கு மட்டும் தெரியும். முதல் மாதம் நூற்றுப் பன்னிரண்டு. எட்டாவது மாதம் பத்தொன்பது. மீதிப் பேர் சீரியல் பார்க்கிறார்கள். மணி அடித்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் மடி உதறி என்ன பிரயோஜனம்? இன்று இல்லாவிட்டால் நாளை ஒருத்தி எடுப்பாள். பிறகு மறுபடியும் முந்தல் ரோடு, மறுபடியும் குடம்.

அந்தப் பத்தொன்பது பேரில் அனுசியா ஒருத்தி. முப்பத்தாறு வயது. புருஷன் இல்லை. மகள் தேனியில் நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். கட்ட வேண்டிய பீசு முழுவதையும் மடிக்காசாகச் சேர்த்து வைத்திருந்தாள். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. ஒருநாள் மகளின் சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நூத்திப் பன்னெண்டு மடியும் வருது. ஒங்க மடி மட்டும் வர்றதே இல்லையே. வீட்ல மறந்து வச்சுட்டு வந்துட்டீகளா?"

கடையில் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொறுக்குகிற கடையில் முதலாளி மடி உதறுவதில்லை என்று சொன்னேன்.

"அப்ப நீங்க மொதலாளியாக்கா?" என்றாள். வெடுக்கென்று கேட்கவில்லை. அவள் எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. தேதியைப் பார்த்து நீங்கள் முடிச்சுப் போடுவீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டது வியாழக்கிழமை. நான் சோதனை வைத்தது வெள்ளிக்கிழமை.

சோதனை நான் கண்டுபிடித்ததில்லை. அது எங்கள் பொறுக்குகிற கடையில் இருந்த பழக்கம். கண்கள் சோர்ந்துபோனால் மேஸ்திரியம்மா யாராவது ஒருத்தி மடியில் அவளுக்கே தெரியாமல் நாலு காய் போட்டுவிடுவாள். சாயங்காலம் உதறும்போது விழும். எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, 'சோதனைக்குப் போட்டதுதான்' என்று சொல்லிவிடுவாள். எனக்குப் பதினாறு வயதில் கருத்தம்மாள் என்கிற மேஸ்திரி என் மடியில் போட்டாள். பதினோரு காய். தரையில் விழுந்த சத்தம் இப்போதும் நினைவிருக்கிறது. காய்ந்த காய்க்கு அப்படி ஒன்றும் பெரிய சத்தம் கிடையாது. மூன்று நாள் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மூன்று நாளும் நான் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கருத்தம்மாள் உண்மையைச் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், அதோடு சரி. அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை, அது வேறு விஷயம். செத்தா போய்விட்டேன்?

யார் மடியில் போடுவது என்று நான் தீர்மானிக்கவில்லை. பாரபட்சம் கூடாது. காலி டப்பா ஒன்றில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தேன். அனுசியா பெயர் வந்தது.

பொது மடியிலிருந்து அவள் மடிக்குப் பதினோரு காசை மாற்றினேன். நூற்றுப் பத்து ரூபாய். நோயாளிகளுக்கு வைத்த காசில் அவளே கை வைத்த மாதிரி தெரியும். ஆறு மணிக்கு மணி அடித்தது. பத்தொன்பது பேர் பார்த்தார்கள், ஏழு மணிக்குள் ஊரே பார்த்தது. தொண்ணூற்றேழு பேர் பட்டனை அழுத்தினார்கள். நான் அழுத்தவில்லை. எனக்குப் பட்டன் கிடையாது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல ஜீப்பு என் கடை வாசலில் நின்றது. அனுசியா தூக்குச்சட்டியோடு ஏறப் போனாள். முத்துக்கண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"ஏத்தா, ஏறாத. ஒன்னைய ஏத்துனா என் மடியையும் கட்டிப்புடுவாக."

"அண்ணே, நான் எடுக்கலண்ணே. ஒங்களுக்கு என்னையத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் தாயி. போனுக்குத் தெரியலையே."

"பதினேழு வளைவு, நடந்தா போகச் சொல்றீக?"

"நாஞ் சொல்லல. பஸ்சு வரும், அதுல வா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த ஒருத்தியும் பார்க்கவில்லை. மூக்கம்மாள் மட்டும், "வெரசா எடுங்கண்ணே, சோலி கெடக்கு" என்றாள்.

அனுசியா நேராக என் கடைக்குத்தான் வந்தாள்.

"அக்கா, அந்தக் காசு எப்படி என் மடிக்கு வந்துச்சுன்னு நீங்க பாத்துச் சொல்லலாம்ல?"

"ஆப்பு பொய் சொல்லாது ஆத்தா" என்றேன். அது உண்மை. பொய் சொன்னது நான்தான், ஆப்பு இல்லை.

மூன்று நாளில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் ஆறு மணிக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியுமா? நூற்றுப் பன்னிரண்டு. நான்காம் நாளும் நூற்றுப் பன்னிரண்டு. அதில் அவளும் ஒருத்தி. தன் மடி அவிழ்ந்துவிட்டதா என்று தினமும் பார்த்திருக்கிறாள். பயிர் பச்சை பிடிக்கிற நேரத்தில் யாராவது தண்ணீரை நிறுத்துவார்களா? ஒரு வாரம் போகட்டும் என்று விட்டேன். பிறகு இன்னும் ஒரு வாரம்.

அவள் கையிலிருந்த ரூபாயை வைத்துப் பஸ்சில் போனாள். பஸ்சு போய்ச் சேர்வதற்குள் எஸ்டேட்டில் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். போன நாளெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரூபாய் தீர்ந்தது. மெஹ்ராஜ் அக்கா மட்டும் அரைப்படி அரிசியைப் பையில் போட்டுக் கொடுத்தார். காசில்லாமல் கொடுத்ததால் ஆறு மணிக்கு அது வரவில்லை. என் கடையிலிருந்து பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனசுக்கு ஆப்பில் பட்டன் வைக்கவில்லையே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதா மாதம் பத்தாம் தேதி வாக்கில் அனுசியா மருந்துக் கடையில் இழுப்புக்கு, வாயில் வைத்து உறிஞ்சுகிற பஃப் வாங்குவாள். ஒவ்வொரு மாதமும் பட்டியலில் வரும். அந்த மாதம் வரவில்லை. மடி கட்டின ஒன்பதாம் நாள் அதைக் கவனித்தேன். அவள் மடியை அவிழ்க்க என் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் போதும். ஆனால் அவிழ்த்தால் ஏன் அவிழ்ந்தது என்று கேட்பார்கள். என்னதான் ஆகிவிடும், யாராவது கடன் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். யார் கொடுப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பதிமூன்றாம் நாள் நல்ல ஐப்பசி மழை. மகளுக்குப் பீசு கட்டக் கடைசி வாரம். ஜீப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் வேலை கிடைக்கும் என்று விடியுமுன் பால் வண்டியில் முந்தல் வரை போயிருக்கிறாள். அங்கிருந்து நடை. ஒன்பதாவது வளைவில், ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறாள். மலையேறிப்போன ஜீப்பில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இளைப்பாறுகிறாள் என்று நினைத்தார்களாம். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அவள் அப்படியே உட்கார்ந்திருக்க, முத்துக்கண்ணன் நிறுத்தி, "ஏத்தா, ஏறு, வர்றது வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அவர்தான் தூக்கி வந்தார். அதற்கு அவர் மடியை யாரும் கட்டவில்லை.

அன்று ஆறு மணிக்கு நூற்றுப் பதினோரு பேர் பார்த்தார்கள். அனுசியாவைக் கழித்தால் அதுவும் முழு எண்தான்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொன்னால் மடி மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். பிறகு இன்னொரு சீட்டுக் கடைக்காரன் வருவான். அந்தத் தொண்ணூற்றேழு பேரும் வேறு வருத்தப்படுவார்கள். அவர்களுக்காகத்தான் சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்த ஆலியாதான் கண்டுபிடித்தாள். "அக்கா, இந்தப் பதினோரு காசு ஒங்க கடைக் கம்ப்யூட்டர்லருந்து போயிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அழுதுகொண்டே உங்களிடம் வந்தாள். நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆக, காசைப் போட்டது நான். தெரிந்தே பதிமூன்று நாள் விட்டதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அவள் மேல் எனக்குப் பகை இருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் கேட்ட கேள்விக்காகச் செய்தேன் என்றும் எழுதாதீர்கள். பெயரைக் குலுக்கித்தான் எடுத்தேன். அந்த டப்பா உங்கள் மேஜை மேல்தான் இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு உள்ளே ஒரே ஒரு சீட்டுதானே இருக்கிறது என்று கேட்டீர்கள். நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் எழுத யாருக்கு நேரம் இருக்கிறது, மேடம்? ஒன்று எழுதினேன். ஆனாலும் குலுக்காமல் எடுக்கவில்லை. மூன்று தடவை நன்றாகக் குலுக்கினேன்.